அவர் பார்த்த இரண்டாம் பாதிகள்

டிசம்பர் 3, புதன்

தங்கையிடமிருந்து செய்தி வந்துவிட்டது. "அக்கா, இந்த வருஷம் எது எது?"

வருஷக் கடைசியில் ஊரெல்லாம் கணக்கு முடிக்கும். நாங்கள் இருவரும் இதை முடிப்போம். படித்ததில் ஒன்று, கேட்டதில் ஒன்று, பார்த்ததில் ஒன்று, போய்வந்ததில் ஒன்று. ஏன் என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும். "நல்லா இருந்துச்சு" என்று சொன்னால் போனிலேயே கொட்டாவி விடுவாள். பள்ளிக்கூட நாளிலிருந்து நடக்கிற வழக்கு இது, வருஷத்துக்கு ஒரு வாய்தா.

புத்தகத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தத் தடி நாவல்தான். ஒரு குடும்பம் தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு வீடு மாறுகிறது, அவ்வளவுதான் கதை. ஒரு பீரோவை மாடியிலிருந்து இறக்குவதற்கே ஓர் அத்தியாயம் போகிறது. அதற்குள் அண்ணனும் தம்பியும் சண்டை போட்டு, சமாதானமாகி, மறுபடி சண்டை போட்டு, பீரோ நடுப்படியில் நிற்கிறது. எழுதிய அம்மாளின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. எங்கிருந்துதான் வந்ததோ அந்தப் பொறுமை! நானாக இருந்தால் பீரோவை ஜன்னல் வழியாகத் தள்ளியிருப்பேன்.

டிசம்பர் 5, வெள்ளி

பார்த்ததில் எது என்பதும் முடிவாகிவிட்டது. படகுக்காரி படம்.

நான் அதில் பாதிதான் பார்த்தேன். எல்லாப் படத்திலும் பாதிதான். அவருக்கு நீரேற்று நிலையத்தில் இரவு வேலை, எனக்கு டிராவல்ஸில் பகல் வேலை. கல்யாணமான புதிதில் ஒரு படத்தை நான் தனியாகப் பார்த்து முடித்துவிட்டேன் என்று மனுஷர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அன்று போட்ட ஒப்பந்தம்தான்: இடைவேளை வரை எனக்கு, அதற்குப் பிறகு அவருக்கு. நான் சாயங்காலம் முதல் பாதியைப் பார்த்துவிட்டு, காலையில் அவர் வந்து சாப்பிட உட்காரும்போது சொல்வேன். அவர் தூங்கி எழுந்து இரண்டாம் பாதியைப் பார்ப்பார். நான் வேலை விட்டு வந்ததும், கிளம்புவதற்குள் சொல்வார். அடுத்தவர் பாதியைப் பார்ப்பது குற்றம். இருபது வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

படகுக்காரி ஆற்றில் படகு விடுகிறவள். அவள் தம்பி என்ஜினீயர். அவன் பாலம் கட்டுகிறான்; பாலம் வந்தால் அக்கா பிழைப்பு போச்சு. இருவருக்கும் பேச்சே இல்லை. நாளைக்குப் பாலம் திறப்பு என்ற இடத்தில் இடைவேளை. என் பங்கு அதோடு முடிந்தது.

மறுநாள் சாயங்காலம் அவர் சொன்னார். திறப்பு விழா முடிந்து எல்லோரும் பாலத்தில் நடக்கிறார்களாம். தம்பி மட்டும் படியிறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, "அக்கரைக்குப் போகணும்" என்கிறானாம். "அதான் பாலம் இருக்கே" என்கிறாள் அவள். "பாலத்துல பேச ஆள் இல்லக்கா." அவ்வளவுதான், ஏறி உட்கார்ந்துவிடுகிறான். சொல்லிவிட்டு அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார். நான் சமையலறையில் நின்று அழுதேன்.

டிசம்பர் 6, சனி

கேட்டதில்: வானொலியில் தொலைந்த பொருள் அறிவிப்பு வாசிக்கிற அந்தப் பெண். குடை, செருப்பு, பல்செட் எது தொலைந்தாலும், தன் வீட்டிலேயே தொலைந்த மாதிரி வாசிக்கிறாள். அவள் குரலுக்காகவே ஒரு குடையைத் தொலைக்கலாம்.

டிசம்பர் 7, ஞாயிறு

பயணத்தை நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிக்கொண்டே வருகிறேன். காரணம் தெரியும்.

போன வாரம் அவருடைய நிலையத்துப் பெரிய என்ஜினீயர் கூப்பிட்டுச் சொன்னாராம், பகல் வேலையில் ஓரிடம் காலி, வேண்டுமா வேண்டாமா என்று வருஷம் முடிவதற்குள் சொல்லிவிடு, இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும் என்று. "நீ என்ன சொல்றே?" என்று கேட்டார். "உங்க இஷ்டம்" என்றேன். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை இங்கே எழுதாமல் எங்கே எழுதுவது?

ஜூன் மாதம் மலையூருக்குப் போனோமே. ஏரியைப் பார்த்த அறை, வெள்ளை விரிப்பு, கண்ணுக்கு அழகான ஊர். நானே தேடிப்பிடித்துப் பதிவு செய்தது. மற்றவர்களுக்கு எத்தனை பயணம் போட்டுக் கொடுத்திருப்பேன், எங்களுக்கு இதுதான் முதல். முதல் நாள் முழுக்க ஏரியைப் பார்த்தோம். இரண்டாம் நாள் காலையிலும் ஏரியைப் பார்த்தோம். "ஏரி நல்லா இருக்கு" என்றார். "ஆமா" என்றேன். வேறு பேச்சே வரவில்லை. அவர் எழுந்து, இந்த மலைக்குத் தண்ணீர் எப்படி ஏறுகிறது என்று பார்க்கப் போனவர் சாயங்காலம்தான் வந்தார். வந்ததும் பேச்சைப் பிடித்துக்கொண்டார் பாருங்கள்! எத்தனை தொட்டி, எங்கே மோட்டார், அந்த வாட்ச்மேனுக்கும் மேஸ்திரிக்கும் என்ன தகராறு... நானும் கடைத்தெருவில் பார்த்ததையெல்லாம் சொன்னேன். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அதாவது, பகலில் பிரிந்திருந்ததால் சாயங்காலம் பேச முடிந்தது. சேர்ந்தே இருந்தால்? சாயங்காலம் முழுக்க, தினமும், வீட்டில் இரண்டு பேரும்... எந்த ஏரியைப் பார்ப்பது?

டிசம்பர் 9, செவ்வாய்

தங்கை போன் செய்தாள். நான் சொன்னேன் என்று படகுக்காரி படத்தைப் பார்த்தாளாம்.

"அக்கா, நீ எந்தப் படத்தைச் சொன்னே? தம்பிக்காரன் படகுல ஏறவே இல்லையே!"

"ஏறுவான்டி. கடைசியில."

"கடைசி வரைக்கும் பார்த்தேன். அவ படகை வித்துட்டுப் பஸ் ஏறிப் போயிடுறா. அவன் பாலத்து மேல நின்னு பார்க்கிறான். படம் முடிஞ்சிடுது. நீ தூக்கத்துல பார்த்தியா?"

 இவளாவது கடைசி வரை பார்ப்பதாவது, பாதியில் எழுந்து போயிருப்பாள்.

டிசம்பர் 10, புதன்

நேற்று ராத்திரி, இருபது வருஷத்தில் முதல் முறை, அவருடைய பாதியைப் பார்த்தேன். ஏறவில்லை. படகை விற்கிறாள், பஸ் ஏறுகிறாள், பாலம், முடிந்தது.

அப்ப அந்த முழங்கால் தண்ணி? "பேச ஆள் இல்லக்கா"? நான் அழுதேனே, அந்த அழுகை எந்தக் கணக்குல? என்னை என்னன்னு நினைச்சாரு மனுஷன்?

காலையில் தட்டைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன். "உடம்பு சரியில்லையா?" என்றார். எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்.

டிசம்பர் 12, வெள்ளி

ஆபீஸில் கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே நேரத்தில் படுத்துவிட்டன. மேலாளர் மதியமே எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

கதவைச் சத்தமில்லாமல் திறந்தேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. இந்த வாரத்துப் படம்: ஒரே வீட்டை இரண்டு குடும்பத்துக்கு விற்றுவிட்டு ஓடிப்போகிறான் ஒரு புரோக்கர், இரண்டு குடும்பமும் ஒரே நாளில் குடிவந்து, சமையலறைக்கு ஆளுக்கொரு பூட்டுப் போடுகிறார்கள். முதல் பாதியைக் காலையில்தான் சொல்லியிருந்தேன்.

அவர் சோபாவில் இருந்தார், வாய் திறந்தபடி. ஒரு கால் தரையில் கிடந்தது. கையில் ரிமோட். படம் பார்க்க வேண்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தவர் அப்படியே சரிந்திருக்கிறார். படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. கண்ணுக்குக் கீழே அந்தக் கருப்பு... தினமும் பார்க்கிற முகம்தான். ஆனால் காலையில் அவர் சிரித்துக்கொண்டே வருவார், சாயங்காலம் சிரித்துக்கொண்டே போவார். தூங்கும்போது நான் பார்த்தே எத்தனை காலம் ஆயிற்று.

எழுப்பவில்லை. வந்த வழியே இறங்கி, மருந்துக்கடை, செருப்புக்கடை என்று சுற்றிவிட்டு, வழக்கமான நேரத்துக்குத் திரும்பினேன். செருப்பு வாங்க வேண்டிய தேவையே இல்லை, வாங்கிவிட்டேன்.

முகம் கழுவிக்கொண்டு, பளிச்சென்று இருந்தார். "பார்த்தீங்களா?" என்றேன். "பார்க்காம?" என்றார்! கூச்சமே இல்லை!

"புரோக்கர் மன்னிப்புக் கேட்க வர்றான். அடிப்பாங்கன்னுதானே நினைப்போம்? அடிக்கல. 'வந்தியா, நல்லதாப் போச்சு. பூட்டுச் சாவி ஒண்ணு தொலைஞ்சு காலையிலேர்ந்து எல்லாரும் பட்டினி, முதல்ல அதைத் தேடு'ங்கிறாங்க. அவன் வீடு முழுக்கத் தேடுறான். கடைசியில எங்கே இருக்கு சொல்லு? மாவு டப்பாவுல! அந்தப் பெரியம்மா கண்ணாடியை மாவு டப்பாவுல வெப்பாங்கன்னு சொன்னியே, கண்ணாடியோட சாவியையும் சேர்த்து வெச்சிருக்காங்க."

 மாவு டப்பாவில் கண்ணாடி என்பது நான் காலையில் போகிற போக்கில் சொன்னது. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னது. எனக்கே மறந்துவிட்டது.

டிசம்பர் 14, ஞாயிறு

இரண்டு நாளாக யோசித்ததில் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

ஒரு மனுஷன் இரவெல்லாம் மோட்டாரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, கண் சொக்க வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக்கொண்டே பெண்டாட்டி சொல்கிற பாதிக் கதையைக் கேட்கிறார். அவள் விட்ட இடம், தொட்ட இடம், மாவு டப்பா முதற்கொண்டு மனசில் வாங்கிக்கொள்கிறார். இல்லாவிட்டால் மீதியை எப்படிக் கட்ட முடியும்? நான் சொன்னதை இந்த உலகத்தில் இப்படி வேறு யார் கேட்டிருக்கிறார்கள்? ஆபீஸில் நான் இரண்டாவது வாக்கியம் பேசினால் மேலாளர் போனை எடுத்துவிடுவார்.

எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருக்கிறது. இத்தனை வருஷம் கழித்து, புதிதாக.

ஆனால் அந்தக் கண்ணும் முகமும் இப்படியே இன்னும் எத்தனை வருஷம் தாங்கும்?

டிசம்பர் 19, வெள்ளி

பகல் வேலைக்கு இன்னும் பதில் கொடுக்கவில்லையாம். "யோசிச்சிட்டிருக்கேன்" என்கிறார். நானும் வாயைத் திறக்கவில்லை. சொல்லிவிட்டால் அந்த இரண்டாம் பாதிகள் போய்விடுமே. என்ன ஒரு சுயநலம்! கதைக்காக ஒரு மனுஷனைத் தூங்கவிடாமல் வைத்திருப்பதா?

டிசம்பர் 28, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சாயங்காலம், அவர் கிளம்புவதற்கு முன்னால். "பகல் வேலையே வாங்கிக்கோங்க."

நிமிர்ந்து பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன், முகம் என்னவோ போலாயிற்று. "அப்போ படம்?"

"சேர்ந்து பார்ப்போம்."

"முழுசாவா?"

அந்த 'முழுசாவா'வில் நான் சிரித்துவிட்டேன். அடக்கவே முடியவில்லை. "ஏங்க, அந்தத் தம்பி படகுல ஏறவே இல்லையாமே?"

டம்ளரைக் கீழே வைத்தார். "யாரு சொன்னா?"

"தங்கச்சி பார்த்திருக்கா. நானும் பார்த்தேன். நீங்க சோபாவுல சாய்ஞ்சு கிடந்ததையும்தான்."

காது வரை சிவந்துவிட்டது. "நான் என்ன பண்ணட்டும்? கண்ணு சொக்கிடுது. நீ அவ்ளோ ஆசையா சொல்லிட்டுப் போறே. சாயங்காலம் வந்து பையைக்கூட வைக்காம 'அப்புறம் என்னாச்சு'ன்னு கேக்குறே. தூங்கிட்டேன்னு எப்படிச் சொல்றது?"

"அப்போ எதையுமே பார்த்ததில்லையா?"

"முதல்ல எல்லாம் பார்த்தேன். சில படத்துல முடிவு சரியாவே இருக்காது, அதை மாத்திச் சொல்லுவேன். அப்புறம்... மாத்துறதுக்கு எதுக்குப் பார்க்கணும்?"

  டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "எனக்கு ஒரு பயம்தான். பகல் வேலைக்கு வந்துட்டா, நீ பார்த்ததை நானும் பார்த்திருப்பேன். உன்கிட்ட சொல்றதுக்கு என்கிட்ட என்ன இருக்கும்? ஏரியைப் பார்த்தோமே, அந்த மாதிரி."

நான் மட்டும்தான் அப்படி நினைக்கிறேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். "எனக்கும் அதே பயம்தாங்க" என்றேன். சொன்னதும் பாதிப் பயம் குறைந்துவிட்டது, மீதிப் பாதி இருக்கிறது. இன்று அவர் பஸ்ஸை விட்டுவிட்டார், ஆட்டோவில் போனார்.

டிசம்பர் 31, புதன்

நேற்றுக் காலை பகல் வேலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

தங்கை போன். புத்தகத்தையும் வானொலிப் பெண்ணையும் உடனே ஒத்துக்கொண்டாள். பார்த்ததில், படகுக்காரியின் இரண்டாம் பாதி, சமையலறையில் கேட்டது என்றேன்.

"அக்கா, அது படத்துலயே இல்ல. எப்படிச் சேர்ப்பே?"

"என் வருஷம், நான் சேர்ப்பேன்."

"ஏன் பிடிச்சுது?" விடமாட்டாளே!

"எனக்காகச் செஞ்சது. வேற யாருக்கும் கிடைக்காது."

கொட்டாவி வரவில்லை. "சரி, போனா போவுது" என்றாள். போய்வந்ததில் மலையூர், இரண்டாம் நாள் சாயங்காலம் மட்டும். அதற்கு அவள் காரணம் கேட்கவில்லை.

ஜனவரி 7, புதன்

மூன்று நாளாகச் சாயங்காலம் வீட்டில் இருக்கிறார். நாற்காலியை இங்கிருந்து அங்கே நகர்த்துகிறார். "சாப்பாடு ஆச்சா?" "ஆச்சு." குழாயைப் பிரித்து மாட்டினார், அது ஒழுகிக்கொண்டிருக்கவே இல்லை. முகத்தில் கருப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது. வீடு அமைதியாக இருக்கிறது. இந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

நேற்று முதல் முறையாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படத்தை முழுசாகப் பார்த்தோம். ஒரு தபால்காரரும், அவர் தினமும் கடந்து போகிற மூடிய ஜன்னலுக்குள் ஒரு பாட்டு டீச்சரும். இடைவேளை வந்ததும் பழக்க தோஷத்தில் நான் எழுந்துவிட்டேன், கையைப் பிடித்து உட்கார வைத்தார். தூங்கவில்லை. கண்ணை அகல விரித்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவர் மாதிரி கடைசி வரை பார்த்தார்.

முடிந்தது. பெயர்கள் ஓடின. இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். 

"இவ்ளோதானா?" என்றார்.

"அவ்ளோதான் போல."

"அதெப்படி? அந்த டீச்சர் கடைசி வரைக்கும் ஜன்னலைத் திறக்கவே இல்லையே. உனக்குத் தோணல?"

"தோணிச்சு. ஆனா அவ திறக்க மாட்டா. கோபக்காரி."

"கோபக்காரிதான் திறப்பா. நீ இங்கே உட்காரு, உண்மையில என்ன நடந்துச்சுன்னா..."