உப்பு ஜாடியில் வைத்த கார்டு

காஞ்சனா,

இப்போதுதான் கண் அசந்தாய், எழுப்ப மனசு வரவில்லை. கஞ்சி மூடி வைத்திருக்கிறேன், தொட்டுக்கொள்ள வெங்காயம் உரித்திருக்கிறேன். சாவி ஆணியில். நம் பிள்ளை பவித்ரா கற்றுக்கொடுத்த எழுத்துதான், இன்னும் கோணல். பொறுமையாகப் படி.

போட்டோ ஏற்றிய மெமரி கார்டை எடுத்துக்கொண்டு வேலூர் போன் ரிப்பேர் கடைக்குப் போகிறேன். தோல் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டேன்.

பிள்ளை போய்ச்சேர்ந்தபிறகு நமக்கு மிச்சம் அந்தப் போட்டோக்கள்தான். சோளிங்கர் மலைக்கோயிலுக்குப் போகிற வழியில் போன் தொலைந்தாலும் அவள் முகம் வீட்டில் இருக்கட்டும் என்றுதான் கார்டில் ஏற்றி உன்னிடம் கொடுத்தேன். மலையில் குரங்கு போனைப் பிடுங்கிப் பள்ளத்தில் போட்டபோதுகூட, "அழாதய்யா, கார்டு பத்திரமா இருக்குது" என்று நீதான் தேற்றினாய். வீட்டுக்கு வந்து பார்த்தால் கார்டு கல்லுப்பு ஜாடிக்குள், ஈரத்தில் பச்சை பூத்துக் கிடக்கிறது.

"புத்தி இருக்குதாடி உனக்கு?" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டேன்.

"உப்புல போட்டா எதுவும் அழுகாதுன்னு நீதானய்யா தினம் சொல்லுவ? அதான் போட்டேன். இன்னா தப்பு?" என்றாய்.

தோலுக்கு உப்புத் தடவியே தேய்ந்த கை என்னுடையது. நான் சொன்னதை நம்பினாய், அவ்வளவுதான். கடைக்காரர் கையை விரித்தாலும் உன்மேல் கோபமில்லை. நேற்றே நீ சாப்பிடவில்லை, கஞ்சியைக் குடித்துவிடு.

ஏழுமலை

அந்த உப்பைக் குழம்புக்குப் போடாதே.

ஒரே ஒரு படம்தான் மீட்க முடியும் என்றால், நீ அவளுக்குச் சடை பின்னுகிற படத்தைக் கேட்பேன். அதில் நீயும் சிரிக்கிறாய்.