வாடாத வேப்பங்குழை

மதினி,

உனக்கு எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். எழுத்துக் கூட்டிப் படிப்பதென்றாலே உனக்குத் தலைவலி வரும். ஒரே வீட்டில் இருந்த நமக்குள் கடுதாசி எதற்கு என்று சிரிப்பாய். ஆனால் இதை இந்த வீட்டில் யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. கேட்கிற ஒருத்தி நீதான்.

வாசலில் அம்மா வத்தல் பொரிக்கிறாள். சுக்காங்காய் வத்தல். திண்டுக்கல் சந்தையில் வாங்கி வந்தது. நீ போனபிறகு இந்த வீட்டில் யாரும் அந்தக் காயைப் பொறுக்கவும் இல்லை, மோரில் ஊறப்போட்டுக் காயவைக்கவும் இல்லை. எண்ணெயில் விழுந்ததும் அந்த வாசம் எழுந்து வந்தது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. நாளைக்கு உன் மகளுக்குத் தாடிக்கொம்புக் கோயிலில் காதுகுத்து. அந்த விருந்துக்குத்தான் இந்த வத்தல்.

மழை நின்ற கார்த்திகையில் பருத்திச் செடிகளுக்கு இடையே தானாகப் படர்ந்து கிடக்கும் அந்தக் கொடியை நீ தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவாய். கோலிக்குண்டு அளவில், பச்சைக் கோடு போட்ட காய்கள். ஒரு கொடியில் நன்றாக இருக்கும், அடுத்த கொடியில் குமட்டுகிற கசப்பாக இருக்கும். கசப்புக்காய் ஒன்று சேர்ந்தாலும் பானை முழுக்கக் கெட்டுவிடும். அதனால் ஒவ்வொரு காயையும் நுனியில் கடித்துப் பார்த்துத்தான் மடியில் போடுவாய். நானும் கடிக்க வந்தால் கையைத் தட்டிவிடுவாய்.

"பரிச்ச எழுதப் போற பிள்ள, வாய் கசந்து கெடக்கக் கூடாது. நான் பாத்துத் தாரேன்."

கடைசியாக நாம் காய் பொறுக்கப் போன அன்றைக்குக் காலையில் அண்ணன் மில்லுக்குக் கிளம்பும்போது உங்களுக்குள் சண்டை. "காட்டுலயும் மேட்டுலயும் பொறுக்கித்தான் திங்கணுமா? ஊருல நம்மள என்னான்னு நெனப்பாக?" என்றான். "நீ வாங்கிப் போடுற காய் வெஞ்சனம் பாதி மாசத்துக்குத்தான வருது. மீதிக்கு ஊர்க்காரகளக் கொண்டாரச் சொல்லு" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது, அடக்கிக்கொண்டு சைக்கிளை மிதித்தான். சண்டை அவ்வளவுதான்.

நீ திருடப் போகவில்லை. முந்தின வாரமே மேலத்தோட்டத்துக்காரரிடம் டீக்கடை வாசலில் வைத்துக் கேட்டாய். நான் பக்கத்தில் நின்றேன். "அண்ணே, ஒங்க பருத்திக்குள்ள சுக்காங்காய் கெடக்காம்ல, பொறக்கிக்கிறட்டா?" அவர் சிரித்தார். "அது களைதான ஆத்தா. பொறக்கிக்க. எனக்குக் கூலி மிச்சம்." உனக்கு அண்ணன் முறை அவர். கூடப் பிறந்த ஆண்பிள்ளை இல்லாத உனக்கு அந்த முறையில் ஒரு பெருமை.

சாயங்காலம் இரண்டு பேரும் போனோம். பூச்சி மருந்தடித்த காட்டில் வரப்போரம் கம்பு ஊன்றி, இலையோடு ஒடித்த வேப்பங்குழை கட்டுவது நம் பக்கத்து வழக்கம். ஆடு மாடு மேய்ப்பவர்களும் புல்லறுப்பவர்களும் அதைப் பார்த்து ஒதுங்கிப் போவார்கள். மேலத்தோட்டத்து வரப்பில் அன்றைக்குக் கம்பும் இல்லை, குழையும் இல்லை. நான் வரப்பில் உட்கார்ந்து பாடம் படித்தேன். நீ பருத்திக்குள் குனிந்து குனிந்து போனாய். "என்னமோ வாடை அடிக்கி" என்றாய். கிணற்று மேட்டில் டீசல் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வாடை என்று நீயே சொல்லிக்கொண்டாய். பிறகு கடித்தாய், துப்பினாய், கடித்தாய், மடியில் போட்டாய். மடி நிறைவதற்குள் தலை சுற்றுகிறது என்று என் தோளைப் பிடித்தாய். வாயில் எச்சில் நிற்காமல் வடிந்தது. ரோட்டில் வந்த மில் பஸ்ஸை மறித்து உன்னை ஏற்றினேன். திண்டுக்கல் போய்ச் சேர்ந்தபோது நீ இல்லை.

மறுநாள் காலையில் வீட்டு வாசலில் ஊரே நின்றபோது மேலத்தோட்டத்துக்காரர் சொன்னார்: "நேத்துக் காலையில மருந்தடிச்ச கையோட குழ கட்டிட்டேன். குழ கட்டுன காட்டுல எவளாச்சும் காயக் கடிப்பாளா? சாகணும்னு நெனச்சவதான் கடிப்பா. காலையில வீட்டுல சண்டையாம்ல."

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். வரப்பில் கம்பு நின்றது. அதில் வேப்பங்குழை. கொழுந்து நிமிர்ந்து நின்றது மதினி. முந்தின நாள் காலையில் ஒடித்துக் கட்டிய குழை ஒரு பகல் வெயிலைத் தாங்கி அப்படி நிற்குமா? துவண்டு, சுருண்டு, தொங்கியிருக்காதா? காம்பை ஒடித்த இடம்கூட இன்னும் ஈரமாக இருந்தது. கம்பைச் சுற்றி மண் புதிதாகக் கிளறிக் கிடந்தது.

வந்து சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன், ஆனால் சொன்னேன். நேற்று அங்கே குழை இல்லை, நான் கூட இருந்தேன், இது இன்றைக்கு ஒடித்தது என்று. கூட்டத்தில் ஒருத்தர், "காலேசுல வேப்பங்குழையப் பத்தியும் பாடம் நடத்துறாகளோ?" என்றார். சாவு வீட்டில் சிரித்தார்கள். உன்னைப் பாடையில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். "மதினிக்குப் பரிஞ்சு பேசுது பிள்ள, விடுங்கப்பா" என்று பெரியவர்கள் என்னை உள்ளே அனுப்பினார்கள். நானும் போய்விட்டேன்.

அவர் ஒரு வார்த்தை, "கட்ட மறந்துட்டேன்" என்று சொல்லியிருந்தால் என்ன கெட்டிருக்கும்? அவர் தலைகுனிவதற்குப் பதிலாக உன்னை மருந்து தின்று செத்தவள் ஆக்கிவிட்டார். அண்ணன் அதை நம்புகிறான். தன் பேச்சுத்தான் உன்னைக் கொன்றது என்று அன்றைக்கு வாயை மூடியவன், இரண்டு வருஷமாக வீட்டில் யாரிடமும் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசவில்லை. நான் சொன்னால், "என்னைய ஆத்துறதுக்குச் சொல்ற" என்று எழுந்து போய்விடுகிறான். உன் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். போன மாதம் தலை பின்னிக்கொண்டிருந்தபோது கேட்டாள்: "அத்தே, எங்கம்மாவுக்கு என்னையப் பிடிக்காதா? அதான் மருந்து குடிச்சுச்சா?"

அவளிடம் எல்லாம் சொன்னேன். நுனி கடிப்பது, மடி, வேப்பங்குழை, எல்லாம். கேட்டுவிட்டு, "அப்ப ஏன் எல்லாரும் அப்பிடிச் சொல்றாக?" என்றாள். பின்னிய சடையை அவிழ்த்து மறுபடியும் முதலில் இருந்து பின்னினேன்.

உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. வாடை அடிக்கிறது என்று தெரிந்ததே, ஏன் நிறுத்தவில்லை? ஒரு பானை வத்தல் கசந்தால் கசந்துவிட்டுப் போகட்டும். வீட்டில் எல்லோருடைய நாக்குக்காகவும் உன் நாக்கில்தானா பார்க்கவேண்டும்?

இப்போது கேள். காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டுமே என்று பேச்சு வந்தது. மேலத்தோட்டத்துக்காரர் தானாகவே வந்து நின்றார். "தங்கச்சிக்கு நான்தான அண்ணன். எம்மடியில ஒக்காத்திக் குத்துங்க" என்றார். தோடு வாங்கி வைத்திருக்கிறாராம். அப்பா கும்பிட்டார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெரிய மனசு" என்றாள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் மடியில் உன் மகள் உட்கார்ந்தால் எல்லாம் முடிந்தது. அவர் சொன்னதை நாம் ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்தப் பிள்ளை காதில் அவர் போட்ட தோடோடு, தாய் தன்னை வேண்டாமென்று போனாள் என்று நினைத்தே வளரும்.

பஸ்ஸிலோ கல்யாண வீட்டிலோ யாராவது என்னிடம் எதையாவது கேட்டால் நான் கால் விரலைப் பார்ப்பேன், நீ பதில் சொல்வாய். "எங்க பிள்ள பேசாது. ஆனா எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருக்கும்" என்பாய். பிறகு என் காதருகே குனிந்து, "பாக்குறது ஒம்பாடு, பேசுறது எம்பாடு" என்பாய்.

என் பாட்டை நான் செய்துவிட்டேன் மதினி. பார்த்தேன். இரண்டு வருஷமாக அந்தக் குழையின் ஒவ்வொரு இலையும் என் கண்ணில் நிற்கிறது. நாளைக்கு ஆசாரி ஊசியை எடுப்பதற்கு முன்னால், உன் மகளைத் தூக்கி அந்த மடியில் வைப்பதற்கு முன்னால், எல்லோர் முன்னாலும், அண்ணன் காதில் விழும்படி நான் சொல்லியாக வேண்டும். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் எல்லோரும் என் பக்கம் திரும்பினால் நான் கால் விரலைப் பார்த்துவிடுவேன்.

இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். நாளைக்கு மட்டும், கொஞ்ச நேரம், உன் வாயை எனக்குத் தா.