கிழவியின் மூச்சுக்குழாய்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே மூன்று பேரும் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, குறையில்லாமல் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் என்றால் நீ பாதியில் "சரிம்மா, விடும்மா" என்பாய், நானும் விட்டுவிடுவேன். இது விடக்கூடிய விஷயம் இல்லை. முதலில் வீட்டுச் செய்தி. உன் தம்பி மீசையை எடுத்துவிட்டு, எடுத்த நாளிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறான். உன் சித்தி முழங்கால் வலிக்கு நீச்சல் நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு தொப்பி, கண்ணாடி எல்லாம் வாங்கிவிட்டாள், தண்ணீரில் மட்டும் இன்னும் இறங்கவில்லை. அப்பா வழக்கம்போல் கல்லூரி வேதியியல் ஆய்வகமே கதி என்று இருக்கிறார், அவர் சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை அதிகம், மழை பெய்தாலே வாகன இழப்பீடு கேட்டு வருகிற மனுக்கள் மேசையில் மலையாகிவிடுகின்றன.

போன வாரம் சித்தியைப் பார்த்துவிட்டு நானும் அப்பாவும் கிழவியில் திரும்பிக்கொண்டிருந்தோம். நீ பெயர் வைத்த அதே பழைய கார்தான், விற்க அவருக்கு மனம் வரவில்லை. கடைக்கும் கல்லூரிக்கும் போய்வருவதில் அதற்கு ஒரு குறையும் கிடையாது. போகும்போது காபிக்கு, கோயிலுக்கு என்று நின்று நின்று போனோம், ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் ஒழுங்காக வந்தது, பிறகு இருமியது, குலுங்கியது, அப்படியே நின்றுவிட்டது. அப்பா ஓரம்கட்டிவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பார், அன்றைக்கும் இப்படித்தான் ஆச்சு என்றார். எந்த நாளைச் சொல்கிறார் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். நீ கிளம்பிய நாள். மேல்படிப்பு முடித்ததே போதும், அவ்வளவு தூரம் போய் என்ன வேலை என்று அவரும், என் வாழ்க்கை என் இஷ்டம் என்று நீயும் வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டு, விமான நிலையத்துக்கு நான் வரமாட்டேன் என்று அவர் சொல்ல, யாரும் கூப்பிடவில்லை என்று நீ சொல்ல, நாம் வாடகைக் காரில் போனோம். நாம் போன பிறகு மனம் கேட்காமல் அவர் கிழவியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். நீ உள்ளே போகிற நேரத்தில், வந்துகொண்டிருந்தேன், வண்டி வழியில் நின்றுவிட்டது என்று போன் செய்தார். சரிப்பா என்று சொல்லி வைத்துவிட்டாய். என்னிடம் திரும்பி, அப்பாவுக்கு வர மனசில்லை, கார் மேல பழியைப் போடறாரு என்றாய்.

நான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாள் முழுக்க "வாகனம் தானாக நின்றுவிட்டது" என்று எழுதிக் கொடுப்பவர்களை நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம், அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது போலிருக்கிறது. மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் கிழவி சமத்தாக ஓடியது வேறு எனக்கு வசதியாகப் போயிற்று. அதன் பிறகு நீங்கள் இருவரும் போனில் பேசிக்கொண்டதெல்லாம் சாப்பாட்டையும் வானிலையையும் தாண்டியதில்லை.

சாலையோரத்தில் எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். பெட்ரோல் போடாமலே வந்திருப்பார், அந்த முள் காட்டுவதை யார் நம்புவது என்று இறங்கிப் போய் டேங்க் மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுக்கிற சத்தம், பிரஷர் குக்கரைத் தலைகீழாக நினைத்துக்கொள். உள்ளே பெட்ரோல் நிறையவே இருந்தது. மூடிவிட்டு வந்தேன், வண்டி உடனே கிளம்பியது. கொஞ்ச தூரத்தில் மறுபடி இருமல், மறுபடி இறங்கித் திறந்தேன், மறுபடி உஸ், மறுபடி ஓட்டம். ஊர் வரும்வரை இதே கூத்து, பக்கத்தில் போன லாரிக்காரர் என்னம்மா, வண்டிக்குத் தண்ணி காட்டறீங்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

நேரே நம் மெக்கானிக்கிடம் விட்டோம், எதற்கும் அவசரப்படாததால் நீயும் தம்பியும் "அவசரம்" என்று பெயர் வைத்தீர்களே, அவரிடம்தான். பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரவேண்டும், பழைய வண்டிகளில் அந்தக் காற்றுக் குழாய் சேறோ பூச்சிக் கூடோ அடைத்துக்கொள்ளும், பம்பு எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது, நிறுத்தி வைத்தால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய் வண்டி மறுபடி கிளம்பிவிடும் என்றார். டேங்க்கின் வயிறே உள்வாங்கிப் போயிருந்தது. குழாயைத் தடவிக்கொண்டே போனவர் டிக்கி விரிப்பைத் தூக்கினார். குழாய் தன் இடத்தைவிட்டுக் கழன்று டிக்கிக்குள் கிடந்தது. அதன் வாயில் சேறு இல்லை, பூச்சிக் கூடு இல்லை, கறுப்பாக ஒரு ரப்பர் கார்க். ஆய்வகக் குடுவைகளை மூடுகிற கார்க். யார் சார் வண்டியோட மூக்கைப் பொத்தினது என்று அவசரம் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

பிறகுதான் சொன்னார். நீ கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், இந்தப் பெட்ரோல் நாற்றத்தில் குமட்டுகிறது, இனி இந்தக் கிழவியில் ஏறவே மாட்டேன் என்று சொன்னாய் அல்லவா. அவர் தேடிப் பார்த்து, நாற்றம் வருகிற குழாயைக் கண்டுபிடித்து, கல்லூரியிலிருந்து ஒரு கார்க் கொண்டுவந்து இறுக்கி மூடியிருக்கிறார். வாசனை வந்தால் மூடு என்பதுதானே அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை. நாற்றம் போய்விட்டது, நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்ல இருந்தாராம். அதற்குள் சண்டை வந்துவிட்டது. பிறகு கார்க்கை அடியோடு மறந்துவிட்டார், வண்டி நின்றதோடு அதைச் சேர்த்து யோசிக்கவே இல்லை. நீ ஏற வேண்டும் என்று வைத்த கார்க்தான் அவரை உன்னிடம் வரவிடாமல் வழியில் நிறுத்தியது. இதை யாரிடம் சொல்லி வருத்தப்படுவது என்று தெரியாமல் உனக்கே எழுதுகிறேன்.

அவசரம் கார்க்கைப் பிடுங்கியதும் அப்பா கேட்ட ஒரே கேள்வி, இப்போ மறுபடி நாற்றம் வருமே, அப்புறம் அவ எப்படி ஏறுவா என்பதுதான். புதுக் குழாய் போட்டு வண்டிக்கு அடியில், வெளியே விட்டிருக்கிறார்கள். விரிப்பில் மட்டும் பழைய வாடை கொஞ்சம் இருக்கிறது, வெயிலில் போட்டிருக்கிறேன்.

அடுத்த மாதம் வரும்போது வாடகைக் காருக்கு ஏற்பாடு செய்துவிட்டதாகச் சொன்னாய், அதை வேண்டாம் என்று சொல்லிவிடு. அப்பா தானாக வருகிறேன் என்று சொல்லமாட்டார், இந்தக் கடிதம் எழுதுவதும் அவருக்குத் தெரியாது. நீயே போன் செய்து, கூட்டிப்போக வாங்கப்பா என்று சொல். முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள், குமட்டாது. குளிருக்கு நல்ல ஷூ வாங்கு, இரவில் வெறும் பிஸ்கட்டோடு படுக்காதே. நீ எங்கே இருந்தாலும் மன நிறைவோடு நன்றாக இருக்க வேண்டும்.

போன் செய்ய மறக்காதே. எனக்கில்லை, அவருக்கு.

அன்புடன்,
உன் அம்மா