மீன் கழுவியாச்சா?

ஜூன் 2, திங்கள்

இன்று கடைக்குச் சரக்கு வரவில்லை. நான் பார்க்கிற பில் கவுண்டரில் கூட்டமும் இல்லை. அந்த நேரம் பார்த்து விளம்பரக் கம்பெனியிலிருந்து டெரிக் வந்தார். முதலாளி அண்ணாச்சி புதிதாக இறக்கப் போகிற ஜெஸ்லின் மீன் மசாலாவுக்கு விளம்பரம் தயாராம். லேப்டாப்பைத் திருப்பி எங்கள் எல்லோருக்கும் காட்டினார். பட்டுப்புடவையும் மல்லிகைப் பூவுமாக ஒருத்தி மீன் வறுக்கிறாள். மேலே 'கடலரசியின் கைமணம்! ராஜ சுவை, ராஜ வாசனை!'

எண்ணெய் தெறிக்கும். பட்டுப்புடவையோடு யார் அடுப்புப் பக்கம் போவார்கள்? அதைத்தான் சொல்ல வந்தேன். "அண்ணாச்சி, ப... ப... ப..." அந்தப் 'ப'விலேயே நின்றுவிட்டது.

சாலமோன் அண்ணாச்சி சிரித்தார். "பிள்ள, நீ சொல்லி முடிக்கதுக்குள்ள மீனு கருவாடா போயிரும்லா."

மூட்டை தூக்குகிறவர்கள் வரை எல்லோரும் சிரித்தார்கள். டெரிக்கும் சிரித்தார். நானும் சிரித்தேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் ஏன் சிரித்தேன்?

ஜூன் 3, செவ்வாய்

நேற்றுச் சொல்ல வந்ததைப் பேருந்தில் வரும்போது கைபேசியில் எழுதிப் பார்த்தேன். ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. இருபத்தாறு வயதில்தான் இது எனக்குத் தெரிகிறதா? எழுத்துக்கு 'ப' ஒரு பொருட்டே இல்லை.

இணையத்தில் ஒரு பாடத்திட்டம் கிடைத்தது. விளம்பரம் எழுதப் பழக முப்பது நாள், நாளுக்கு ஒரு பயிற்சி. இங்கிலீஷில் இருந்தது. தமிழில் எனக்கேற்ற மாதிரி நோட்டில் எழுதிக்கொண்டேன். முதல் வாரம் நல்ல விளம்பரங்களைப் பார்த்துக் கையால் எழுத வேண்டும். இரண்டாம் வாரம் தினம் இருபது தலைப்பு. மூன்றாம் வாரம் பொருளை வாங்குகிறவர்களிடம் போய்க் கேட்க வேண்டும். கடைசியில் எழுதி, வெட்டி, யாரிடமாவது காட்ட வேண்டும்.

காலை ஐந்தரையிலிருந்து ஆறரை. ஒரு நாளும் விடக்கூடாது.

ஜூன் 4, புதன். நாள் 1

செய்தித்தாளில் இருந்த ஆறு விளம்பரங்களை வரி விடாமல் எழுதினேன். வீட்டுமனை விளம்பரம் மூன்றிலும் 'கனவு இல்லம்'. யாருடைய கனவு என்று ஒன்றிலும் இல்லை. கை வலிக்கிறது.

ஜூன் 6, வெள்ளி. நாள் 3

அம்மா மீன்கூடையைக் கழுவிக்கொண்டே கேட்டது. "இன்னாடி காலாங்காத்தால எய்திகினே கீற? பரிட்சையா?"

"வி... வி..."

"விசாவா? துபாய்க்குப் போப்போறியா?"

"விளம்பரம்மா. எ... எழுதக் கத்துக்கிறேன்."

அம்மா கூடையைக் கவிழ்த்து வைத்தது. "கத்திவாக்கத்துல குந்திகினு எய்துனா எவன் வாங்குவான்?"

கேள்வி நியாயம்தான். ஆனாலும் ஆறரை வரை எழுந்திருக்கவில்லை.

ஜூன் 11, புதன். நாள் 8

தலைப்பு வாரம் தொடங்கியது. மீன் மசாலாவுக்கே எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன், யாரும் கேட்காவிட்டாலும். முதல் பன்னிரண்டும் எங்கேயோ கேட்டவை. 'அம்மாவின் கைப்பக்குவம்', 'நாவில் நீர் ஊறும்', 'சுவையோ சுவை'. பதின்மூன்றிலிருந்து எதுவும் வரவில்லை. நோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறு இருபதுக்கு மேல் மீதி எட்டும் வந்தன. மோசமாக இருந்தாலும் அந்த எட்டும் என்னுடையவை.

ஜூன் 13, வெள்ளி. நாள் 10

இருபதில் பத்தொன்பது குப்பை.

ஜூன் 15, ஞாயிறு. நாள் 12

தடைக்காலம் முடிந்தது. அப்பா இரண்டு மாதத்துக்குப் பிறகு காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகிறார். விடியற்காலையிலிருந்தே வீடு அமர்க்களம். ஐஸ் பெட்டி, தண்ணீர் கேன், அம்மாவின் கூச்சல். வாசல்படியில் உட்கார்ந்து இருபதையும் எழுதி முடித்தேன். கிளம்பும்போது அப்பா நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "உட்டுடாத," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஜூன் 18, புதன். நாள் 15

வாங்குகிறவர்களிடம் கேட்கிற வாரம். இன்று மூன்று பேரிடம் கேட்க வேண்டியது. ஒருவரிடமும் கேட்கவில்லை. ஒரு அம்மா கவுண்டருக்கு வந்தார். 'ஏன் வாங்குறீங்க?' என்ற இரண்டே வார்த்தை. 'ஏ'யைத் தாண்டவில்லை. மீதிச் சில்லறையைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

கோழை.

ஜூன் 19, வியாழன். நாள் 16

கேட்டேன்.

வேம்பு அக்கா எங்கள் கடைத் தெருவைப் பெருக்குகிறவர். மாநகராட்சித் துப்புரவு வேலை, வீடு கொடுங்கையூரில். இரண்டு மணிக்கு வேலை முடிந்து போகும்போது கடையில் ஏதாவது வாங்குவார். அண்ணாச்சி மீன் மசாலாவைப் போன வாரம்தான் சின்னப் பாக்கெட்டாகச் சரத்தில் தொங்கவிட்டார். விளம்பரம் எதுவும் இன்னும் வெளியே வரவில்லை. அதற்குள் வேம்பு அக்கா மூன்று தடவை வாங்கிவிட்டார்.

"எ... எ... எதுக்குக்கா இத வா... வாங்குறீங்க?"

அந்தக் கேள்வியைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. அவர் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றார். நான் முடிக்கும் வரை குறுக்கே ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை.

"இன்னாத்துக்குக் கேக்கற நீ? சரி, சொல்றேன். காலீல ஆறு மணிலேர்ந்து நின்னுகினே கீறேன்மா. வூட்டுக்குப் போயி மீன ஒர்சி கழுவி வச்சேன்னா, அதுக்கு மேல கால் நிக்காது. மொளகா அரைக்கணும், பூண்டு உரிக்கணும்னா அழுகதான் வரும். இத்த தடவி வச்சுட்டு சித்த நேரம் குந்துவேன். அந்தக் குந்தற நேரத்துக்குத்தான் வாங்கறேன். ருசில்லாம் அப்பாலதான்."

பில்லின் பின்பக்கத்தில் அப்படியே எழுதிக்கொண்டேன். எங்கள் வீட்டில் பாக்கெட் மசாலாவைத் தொட மாட்டோம். அதனால்தான் இத்தனை நாளாக ருசியைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். வாங்குகிறவள் வேறு எதையோ வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

ஜூன் 20, வெள்ளி. நாள் 17

இருபது எழுத உட்கார்ந்தேன். முதல் வரியோடு பேனாவை வைத்துவிட்டேன்.

மீன் கழுவியாச்சா? குந்து.

ஜூன் 24, செவ்வாய். நாள் 21

வெட்டுகிற நாள். தலைப்புக்குக் கீழே ஒரு பக்கம் எழுதியிருந்தேன். பாதியாக்கினேன். மறுபடி பாதி. 'பாரம்பரியம்' போனது, 'தேர்ந்தெடுக்கப்பட்ட' போனது. 'சுவை'யை எடுக்கத்தான் மனம் வரவில்லை, அதையும் எடுத்தேன். மிச்சம் இதுதான்:

மிளகாய், மல்லி, பூண்டு, புளி எல்லாம் உள்ளேயே இருக்கு. தடவி வை. பத்து நிமிஷம் ஊறட்டும். அந்தப் பத்து நிமிஷம் உன்னுது.

ஜூன் 26, வியாழன். நாள் 23

காட்டினேன். காட்டாமலே இருந்திருக்கலாம்.

வெள்ளைத்தாளில் நல்ல கையெழுத்தில் எழுதி அண்ணாச்சி மேஜையில் வைத்தேன். இரண்டு தடவை படித்தார். "குந்துன்னா? எங்க ஊர்ல வந்தவியள இப்படிச் சொன்னா செருப்ப மாட்டிட்டுப் போயிருவாவ. மரியாதையே இல்லையே பிள்ள." பக்கத்திலிருந்த டெரிக்கிடம் நீட்டினார்.

டெரிக் ஒரே பார்வையில் படித்துவிட்டார். "ரொம்ப லோக்கலா இருக்கு சார். பிராண்ட் இமேஜ் போயிடும். வேணும்னா 'அமருங்கள்'னு மாத்தலாம்." பிறகு என்னைப் பார்த்து, "ட்ரை பண்ணதுக்கு குட்மா."

குட்மாவா?

லோக்கலாம். இன்னா லோக்கலு? மீனு எங்கேர்ந்து வருதாம், மவுண்ட் ரோட்லேர்ந்தா? எங்க அப்பா புடிச்சு எங்க அம்மா வித்த மீனு. அதத் தின்னும்போது மட்டும் லோக்கல் இல்லியா? டெரிக்கு இன்னா லண்டன்ல பொறந்தவரா, இந்தப் பக்கம் ராயபுரந்தான்! எங்க பேச்சு சினிமால காமெடிக்கு ஆவும், மசாலா பாக்கெட்டுக்கு ஆவாதா?

இதில் ஒரு வார்த்தைகூட அங்கே சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

ஜூன் 27, வெள்ளி. நாள் 24

ஒருவேளை அவர்கள் சொல்வதுதான் சரியோ? வேம்பு அக்காவையே அது சுருக்கென்று தைக்குமோ? எழுதியவளுக்கு அது எப்படித் தெரியும்?

மத்தியானம் தாளை அவரிடம் கொடுத்தேன். எழுத்துக்கூட்டிப் படித்தார். "மீன்... கழுவி... யாச்சா... குந்து." சிரித்தார். மறுபடி படித்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"நின்னுகினு இன்னா பண்றன்னு அதட்டுவானுங்க. அங்க பெருக்கு, இங்க வாருன்னுவானுங்க. குந்துன்னு என்ன எவனும் சொன்னதில்லமா."

தாளை மடித்து வேலைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். நல்ல கையெழுத்தில் எழுதியது அது ஒன்றுதான். பரவாயில்லை.

'அமருங்கள்' கிடையாது. 'உட்காருங்கள்' கிடையாது. குந்துதான்.

ஜூன் 30, திங்கள். நாள் 27

அண்ணாச்சி கல்யாணத்துக்காகச் சாத்தான்குளம் போயிருக்கிறார். புதன் கிழமைதான் வருவார். சோப்பு வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்தேன். கறுப்பு மார்க்கரால் தலைப்பையும் கீழ்வரிகளையும் பெரிதாக எழுதினேன். மசாலாச் சரத்துக்கு மேலே ஆணியடித்து மாட்டினேன். யாரையும் கேட்கவில்லை. வேலை போனால் போகட்டும்.

ஜூலை 1, செவ்வாய். நாள் 28

காலையில் தொங்கவிட்ட சரம் பதினொரு மணிக்குக் காலி. இரண்டாவது சரம் மூன்று மணிக்கு. கம்பெனி ஷிப்ட் விட்டு வந்த பெண்கள் நாலு பேர் அட்டையைப் பார்த்துவிட்டு ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள். "ஏய், குந்த சொல்றாங்கடி!" போனில் படம் எடுத்தார்கள். ஆளுக்கு ஐந்து பாக்கெட் வாங்கினார்கள்.

சாயங்காலம் டெரிக் வந்தார். அட்டைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். அவரும் படம் எடுத்துக்கொண்டார். அப்படியே கிளம்பிப் போய்விட்டார்.

ஜூலை 3, வியாழன். நாள் 30

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

கடை மாடியில் மசாலா ஏஜென்டுகள் கூட்டம். பொன்னேரி, மீஞ்சூர், திருவொற்றியூரிலிருந்தெல்லாம் பதினொரு பேர் வந்திருந்தார்கள். அண்ணாச்சி நேற்று இரவுதான் ஊரிலிருந்து வந்தார். காலையில் அட்டையைப் பார்த்தார், சரத்தைப் பார்த்தார், மேலே போய்விட்டார். ஸ்டாக் லிஸ்ட் கேட்டார்கள் என்று நான் எடுத்துக்கொண்டு போனேன்.

டெரிக் திரையில் காட்டிக்கொண்டிருந்தார். பட்டுப்புடவை இல்லை. பெரிய எழுத்தில் 'மீன் கழுவியாச்சா? குந்து.' கீழே என் பத்து நிமிஷமும் இருந்தது. "இது எங்க டீமோட புது ஐடியா," என்றார்.

நான் ஸ்டாக் லிஸ்ட்டோடு வாசலிலேயே நின்றேன்.

பொன்னேரி ஏஜென்ட் தேசப்பன் கேட்டார். "நல்லாத்தாம்பா கீது. ஆனா குந்துன்னு எதுக்கு? உக்காருன்னு போட்டா இன்னா?"

"கேட்ச்சியா இருக்கும் சார்," என்றார் டெரிக்.

"அதான் ஏன்னு கேக்கறேன்."

டெரிக் திரையைத் திரும்பிப் பார்த்தார். கிளாஸை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

"அ... அ... அது நா... நா... நா..."

எல்லோரும் திரும்பினார்கள். "என்னம்மா, நாளைக்கா?" என்றார் ஒருவர். "நாற்காலி வேணுமா?" என்றார் இன்னொருவர். நான் கையைத் தூக்கி நிறுத்தினேன். ஒருவரும் எனக்கு வார்த்தை எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

"நா... நான் எ... எழுதினது."

பிறகு நிறுத்தவில்லை. வேம்பு அக்காவைப் பற்றிச் சொன்னேன். காலை ஆறு மணியைச் சொன்னேன். கால் நிற்காததைச் சொன்னேன். 'உட்காரு' என்றால் நாற்காலி வேண்டும், வேலை முடிந்து வந்தவள் அடுப்புக்குப் பக்கத்தில் தரையில்தான் காலை மடக்குவாள், அதற்குப் பெயர் குந்துவது என்று சொன்னேன். அவர் ருசியை வாங்கவில்லை, அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் வாங்குகிறார் என்றேன். ஒவ்வொரு வரியிலும் திக்கியது. 'ப'வில் முன்னைவிட அதிகமாகவே நின்றது. வேர்த்தது. ஆனால் அவசரப்படவில்லை, சுருக்கவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. பதினொரு பேரும் கடைசி வரை காத்திருந்தார்கள்.

தேசப்பன்தான் முதலில் பேசினார். "எனக்கு இருநூறு சரம் போட்டுக்க. அந்த அட்டையும் வேணும்."

டெரிக் என் பக்கம் திரும்பவே இல்லை.

கீழே வந்து பில் போட்டேன். முப்பது நாள் முடிந்தது.

ஜூலை 4, வெள்ளி

அண்ணாச்சி கூப்பிட்டார். "அட்டைய நான் இல்லாதப்ப மாட்டினது தப்பு."

"தெ... தெரியும்."

"டெரிக் தன் ஐடியான்னு சொன்னதும் தப்புதான். அவங்க கம்பெனிக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன்." மேஜையைத் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "அன்னைக்கு கருவாடுன்னு சொன்னேம்லா. அது விளையாட்டுக்குச் சொன்னது."

"எனக்கு வி... விளையாட்டா இல்ல அண்ணாச்சி."

தலையாட்டினார். "உனக்கு என்ன வேணும், சொல்லு."

முந்தின நாளே எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். கடை விளம்பரம் எல்லாவற்றையும் நான்தான் எழுதுவேன். பில் போட வேறு ஆள் வைக்க வேண்டும். நான் எழுதுவதை என்னைக் கேட்காமல் யாரும் மாற்றக்கூடாது.

"நம்ம கடைக்கு எழுதுறதுக்குன்னு தனியா ஒரு ஆளா?"

"இ... இல்லன்னா வேற கடைக்கு எ... எழுதுவேன்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார். "சரி பிள்ள. ஒண்ணாந்தேதியிலருந்து."

ஆகஸ்ட் 11, திங்கள்

திருவொற்றியூரிலிருந்து அலி அக்பர் பாய் வந்தார். கொசுவலைக் கடை வைத்திருக்கிறாராம். "இங்க எழுதற பொண்ணு யாரு?" என்று கீழே கேட்டிருக்கிறார். பில் கவுண்டரில் இருக்கிற புதுப்பெண் மாடியைக் காட்டியிருக்கிறாள். நல்லெண்ணெய்க்குப் பதினேழாவது தலைப்பில் இருந்தேன். நோட்டில் புதுப் பக்கம் திருப்பினேன்.

"யா... யார் பாய் வாங்குறாங்க?"

"எல்லாரும் வாங்குறாங்கமா. கொசு யாரத்தான் உடுது?"

"எல்லாரும் வே... வேண்டாம். ஒருத்தரச் சொல்லுங்க."

அவர் முகவாயைத் தடவிக்கொண்டு யோசிக்க ஆரம்பித்தார். "ஒருத்தர்னா... அது வந்து..." என்று இழுத்தார்.

எனக்கு ஒன்றும் அவசரமில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.