கறுப்பியின் பழைய வைரஸ்

மார்ச் 3
ஆராய்ச்சிக்காக இன்று எங்கள் கரிக்கலாம்பாக்கம் தெரு நாய் கறுப்பியின் வாயில் பஞ்சுக்குச்சி விட்டு எச்சில் எடுத்தேன். பக்கத்து ஊர் ஏம்பலத்தில் முயன்றபோது ஆறு நாய்களும் கடிக்க வந்தன; இவள் வாலை ஆட்டினாள். வயிறு நிறையக் குட்டி. டீக்கடைக் குழந்தைவேல் அண்ணன், "இன்னாம்மா தேடுற அதுல?" என்றார். "பழைய வைரஸ்ணா. அது உடம்பு முழுக்க இருக்குது" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 4
கறுப்பி கழுத்தில் வேப்பிலை! உடம்பெல்லாம் மஞ்சள் தண்ணீர். அம்மை கண்ட வீடு மாதிரி தெருவில் ஒருவரும் தாளிக்கவில்லை. எங்கள் வீட்டு ரசமும் மொட்டையாகத்தான் வந்தது. சிரித்தே செத்தேன்.

மார்ச் 5
சிரிப்பு போய்விட்டது. எதிர்வீட்டு ருக்குமணி அத்தையின் மருமகள் ஜெயசுதாவுக்கு ஒன்பதாம் மாதம். "புள்ளத்தாச்சி இருக்கிற வூட்டண்ட நோய் புடிச்ச நாயா?" என்று அத்தை நாய் பிடிக்கும் வண்டிக்குப் போன் போட்டுவிட்டாள். நாளை வருகிறார்களாம். நிறைமாதத்தில் கறுப்பியை எங்கே கொண்டுபோய் விடுவார்கள்? எல்லாம் என் வாய் செய்த வேலை. அழுகையாக வருகிறது.

மார்ச் 6
காலையிலேயே அத்தையிடம் போனேன். "கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி வந்த வைரஸ் அத்தை. அதோட துண்டுங்கதான் பரம்பரையா உடம்புல வருது. யாருக்கும் ஒட்டாது. அதுல ஒண்ணு இல்லன்னா நஞ்சுக்கொடியே சரியா உருவாகாது."

"நாய்க்கா?"

"நாய்க்கு ஒண்ணு, நமக்கு வேற ஒண்ணு. ஜெயசுதாவுக்கு இருக்கு. உங்களுக்கும் இருக்கு."

"எனக்கா? என்னையே நோயாளின்றியா?" படாரென்று கதவைச் சாத்தினாள். படித்து என்ன பிரயோஜனம்?

மாலை வண்டி வந்தது. கறுப்பி அத்தை வீட்டுப் படியில் படுத்திருந்தாள். வலையை எடுத்தார்கள். நான் ஓடுவதற்குள் அத்தை வெளியே வந்துவிட்டாள்.

"டேய், புள்ளத்தாச்சிய தொடாத! அதுக்கு இருக்கிறது எனக்கும் இருக்குது, எம் மருமவளுக்கும் இருக்குது. மூணு பேரையும் வண்டியில ஏத்துவியா?"

"நீங்கதானம்மா போன் பண்ணீங்க?"

"ஆமா, நான்தான் பண்ணேன். இப்ப நான்தான் போவச் சொல்றேன்."

வண்டி போய்விட்டது. அத்தை என்னை ஒரு முறை முறைத்தாள். பட்டது போதும் என்று வீட்டுக்குள் ஓடிவிட்டேன்.

மார்ச் 11
அத்தையின் விறகுக் கொட்டகையில் ஐந்து குட்டிகள். எட்டிப் பார்த்தேன். கறுப்பி முன்னால் காரம் குறைத்த கருவாட்டுக் குழம்புச் சோறு.

"பெத்தவளுக்குப் பால் ஊற வேணாமா?" என்றாள் அத்தை.

ஜெயசுதாவுக்கு இன்னும் வலி எடுக்கவில்லை. பத்தியச் சமையல் மட்டும் ஆரம்பமாகிவிட்டது.