ஏழு கோலுக்குப் பிறகு

டில்லி, ஆர்.கே.புரம்
ஜனவரி 1979

அன்புள்ள அருக்காணிக்கு,

உன் இருமல் விட்டதா? அப்பா கண்ணுக்கு மருந்து போடுகிறாரா? எனக்குக் குளிரைத் தவிர ஒரு குறையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆபீஸ் ஃபுட்பால் டீம் ஏழு கோல் போட்ட பிறகுதான் என்னை இறக்கினார்கள். இறங்கும்போதே கோச், "பையா, இனிமேல் கோல் வேண்டாம், அவர்கள் பாவம்" என்கிறார். எப்போதும் இதே கூத்துதான். ஆட்டம் இழுபறியாக இருந்தால் என்னை வெளியே உட்கார வைப்பார்கள். ஜெயித்தாகிவிட்டால் இறக்கிவிட்டு, அடிக்காதே என்பார்கள். ஃபுட்பாலுக்காகத் தற்காலிகமாகக் கொடுத்த வேலை, கோல் போட்டால்தானே பர்மனென்ட் ஆகும்!

எதிர் டீம் கோல்கீப்பர் விழுந்து கிடந்தார். பந்து என் காலில். அடிக்காமல் அவர் கைக்கே உருட்டிவிட்டேன். நம் ஈரோட்டுக்காரர்தான். "ஏப்பா, உன்கிட்ட நாங்க பிச்சையா கேட்டோம்? ஒழுங்கா அடிப்பா!" என்று கத்தினார். அவருக்கும் கோபம், எனக்கும் கோபம். கோச் மட்டும் கைதட்டுகிறார்.

கொஞ்சம் பருப்புப்பொடி அனுப்பு. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கியது வாயில் வைக்க விளங்கவில்லை. ஒருத்தன் தின்ன எவ்வளவு வேண்டும், சின்ன டப்பா போதும். கடிதம் மட்டும் பெரிதாக எழுது.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். அப்பா கேட்டால் ஏழில் ஒன்று நான் போட்டதாகச் சொல். அவரிடமாவது ஒரு கோல் போட்டுக்கொள்கிறேன்.

ஜோதிலிங்கம்