உன் நாடகத்துக்கு அப்பா அடித்த ஹாரன்

அன்புள்ள டீகன்,

அம்மா எழுதிக்கொள்வது. மழை வராததைத் தவிர இங்கே எல்லாம் சுகம், அப்பாவும் சுகம், நீயும் அந்த பெர்த் கடற்காற்றில் நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாக இருக்க வேண்டும். நாடகத்தை அப்பா பார்த்தாரா, கோபமா என்று போனில் கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்குகிறாய். போனில் சொல்லி முடிக்க என்னால் ஆகாது, அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டிலேயே பாருங்கள், ஊருக்குச் சொல்லாதீர்கள் என்றாய் அல்லவா, நான் வாயைத் திறக்கவே இல்லை. பேச்சுக்கே கஞ்சப்பட்ட உன் அப்பாதான் ஆட்டுச் சந்தையில், "எம் பொண்ணு எழுதின நாடகம் சனிக்கிழமை டிவில வருது" என்று போட்டு உடைத்துவிட்டார். அவ்வளவுதான், ஃபுட்பால் மேட்ச் முடிந்ததும் மைதானத்திலேயே வெள்ளைத் துணி கட்டிப் பெரிதாகக் காட்டுவது என்று கிளப்பில் முடிவாகிவிட்டது. எனக்குத்தான் அது பிடிக்கவில்லை. பின்னே என்ன, அந்த வறட்சி வருஷத்தில் அவர் ஷெட்டில் டிராக்டர் பக்கத்தில் உட்கார்ந்து அழுததும், பள்ளிக்கூடம் விட்டு வந்த நீ அவரைக் கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனதும் நம் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஊருக்கு முதுகு வலி என்று சொல்லிவைத்தோம். அதைப் போய்ப் பிள்ளைகள் பார்க்கிற நாடகத்தில் எழுதிவிட்டாயே, இந்த ஆம்பளைகள் நடுவே இவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார் என்றுதான் எனக்குக் கவலை.

மேட்சில் நம்ம பையன்கள் வழக்கம்போல் தோற்றார்கள், ஆனால் ஒரு கார்கூடக் கிளம்பவில்லை. மைதானத்தைச் சுற்றி நிறுத்தினது நிறுத்தினபடி, இருட்டியதும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எல்லாரும் உள்ளேயிருந்தே பார்த்தோம். ஜூலை மாதக் கதை என்று போட்டுவிட்டு, நவம்பரில் அறுக்க வேண்டிய பச்சைப் பயிருக்குள் உங்கள் நடிகர் அறுவடை இயந்திரத்தை விட்டாரே, ஊரே சிரித்தது. அடுத்த பண்ணை லிண்ட்சேயின் வாய்தான் உனக்குத் தெரியுமே, "ஏய் மெர்வ், கோதுமை எப்போ அறுக்கிறதுன்னுகூடப் பொண்ணுக்குச் சொல்லிக் குடுக்கலியா?" என்று கத்தினான். அப்பா விடுவாரா, "டைரக்டர் பட்டணத்துக்காரன் மச்சான், அவனுக்குக் கோதுமை கடையில பாக்கெட்ல வெளையுது" என்றார். பிறகு அந்த ஷெட் காட்சி வந்தது. பிள்ளைகளுக்கு இவ்வளவு கனம் ஆகாது, வெட்டிவிடு என்று சேனல்காரர்கள் சொல்லியும் நீ பிடிவாதமாக வைத்த காட்சி. நாடகத்தில் வரும் அந்தப் பெண், "அப்பா, எந்திரி, நானும் கூட வர்றேன்" என்றாள். உன் பெயர் ஓடி முடிந்த பிறகும் யாரும் கை தட்டவில்லை. நான் அப்பா பக்கம் திரும்பவே இல்லை, பயம். அவர் கையை நீட்டி ஹாரனை அழுத்தினார், டீகன். கோல் போட்டால் மட்டும் அடிப்பார்களே, அதே ஹாரன், கையை எடுக்கவே இல்லை. எதிர்ப்பக்கத்தில் ஒரு கார் அடித்தது, அப்புறம் சுற்றி இருந்த அத்தனையும். நம்ம டீம் கோப்பை ஜெயித்த வருஷம்கூட அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்லை.

டீ வாங்க வரிசையில் நின்றபோது அப்பா, "அந்த ஷெட்ல உக்காந்திருந்தது நான்தான்" என்றார், சர்க்கரை கேட்கிற மாதிரி. ஒருத்தரும் கேலி செய்யவில்லை, லிண்ட்சேகூட. அவன் திங்கட்கிழமை நம் கேட்டுக்கு வந்து, வண்டியை அணைக்காமலே, "மெர்வ், அந்த டாக்டரம்மா இன்னும் இருக்காங்களா?" என்று கேட்டான். அப்பா தொப்பியை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். "டயர் பாக்கப் போறோம்" என்றார் என்னிடம். எனக்கா தெரியாது! இதை நீ யாரிடமும் சொல்லாதே. பிள்ளைகள் நாடகம்தானே என்று யாராவது உன்னை இளப்பமாகப் பேசினால் மட்டும் இதை மனதுக்குள் நினைத்துக்கொள். உன்னைப் பெற்றதற்கு எனக்குத் தலைகால் புரியாத பெருமை, அவ்வளவுதான் சொல்லத் தெரியும்.

நீ எழுதுவதெல்லாம் நாலு பேருக்கு ஆகட்டும், கடவுள் உன் கூடவே இருக்கட்டும். வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே. கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் இப்போதே எடு, சாக்குச் சொல்லாதே.

உன் அம்மா,
ரேலீன்

அப்பாவும் எழுதுகிறேன். லிண்ட்சே பரவாயில்லை. அடுத்த வாரமும் டயர் பார்க்கப் போகிறோம்.